நாற்காலி

நவம்பரில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் குறைவு.
ஸ்ப்ளிட் துறைமுகத்தில்
'சோபே', அறைகள், என்று அட்டையில் எழுதிப் பிடித்து நிற்பவர்கள்
அதைவிடக் குறைவு.
மூன்று பேர். அதில் இருவர் ஆண்கள்.

எனக்கு அறுபத்தொன்று.
பிர்னோ நகரில் முப்பத்திரண்டு வருடம் டிராம் ஓட்டினேன்.
கடைசி வண்டியில் கடைசியாக இறங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று
கண்ணாடியில் பார்த்தே எடைபோடுவேன்.
சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்,
கண்ணாடியை முடியவில்லை.

போன வாரம் ஸாதாரில்
விடுதிப் பையன் என் அறை எண்ணைக்
கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.
பீர் குடித்துக்கொண்டிருந்த நான்கு தலைகள் திரும்பின.
நூற்றுப்பதினொன்று. தரைத்தளம். தோட்டத்துப் பக்கம்.
பணத்தைத் திரும்பக் கேட்டேன், தரவில்லை.

அதற்கு முன் ரியேகாவில்
பதினெட்டு யூரோவுக்கு, எட்டுப் பேர் அறையில் மேல்கட்டில்.
ஏணிக்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை.
கீழ்க்கட்டில் பெண் நல்லவள், இடம் மாறிக்கொண்டாள்.
"எங்கம்மாவும் இப்படித் தனியாகக் கிளம்பணும்" என்றாள்.
அம்மாவுக்கு நாற்பத்தேழாம்.

அட்டை பிடித்திருந்த பெண்ணிடம் போய்
"பொகோய் இருக்கா?" என்றேன்.
என் மொழியில் அறைக்கும் நிம்மதிக்கும்
அது ஒரே சொல்.
அவள் அட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.
இங்கே அது செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாம்.
"அதுக்கு நான் வாடகை வாங்குறதில்லை."

நாற்பது என்றாள்.
இருபத்தைந்து என்றேன்.
காற்று இருவர் நரையையும் பாரபட்சமில்லாமல் கலைத்தது.
முப்பது, காப்பியோடு.
உள்தாழ்ப்பாள் இருக்கிறதா?
"இருக்கு. கொஞ்சம் ஆடும்."
அந்தப் பதிலுக்குத்தான் சம்மதித்தேன்.
ஆடாது என்றிருந்தால் அடுத்த பேருந்தில் ஏறியிருப்பேன்.

பெட்டியின் ஒரு பிடி அவள் கையில், ஒன்று என் கையில்.
நெவென்கா என்று பெயர் சொன்னாள்.
மத்தி அடைக்கிற ஆலை மூடியபிறகு
மகன் அறையை வாடகைக்கு விடுகிறாளாம்.
மகன் டப்ளினில்.
நான் பேச்சைக் கேட்டபடி எண்ணிக்கொண்டே ஏறினேன்:
தொண்ணூற்றாறு படி.
தெருவிளக்கு ஐந்து, எரிவது மூன்று.
ஒரு ரொட்டிக்கடை.
எதிர்வீட்டுக் கம்பியில் குழந்தைச் சட்டைகள், ஈரமாக.
அது நல்லது.

மஞ்சள் விரிப்பு. சுவரில் மாதா. ஒரு நாற்காலி.
தாழ்ப்பாள் அவள் சொன்னதைவிட அதிகமாகவே ஆடியது.
வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப்போய்க்
கைப்பிடிக்கு அடியில் சாய்க்கக் குனிந்தபோது பார்த்தேன்.
தரைவிரிப்பில், கதவிலிருந்து இரண்டு சாண் தள்ளி,
இரண்டு குழி.
பின்கால்கள் இரண்டும் போய்
தாமாகவே அதில் உட்கார்ந்தன.

எத்தனை பேர் இங்கே
எத்தனை ராத்திரி.
விரலை விட்டுப் பார்த்தேன்.
முதல் கணு வரை இறங்கியது.

பத்தரைக்கு வாடைக்காற்று
ஓடுகளைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தது.
அதற்கு இடையில்,
நடைக்கு அப்பால் அவள் அறையில்,
நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை.
மெதுவாக, நிறுத்தி நிறுத்தி,
எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

என்னைப் பார்த்தா?
முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்தா?
கோபம்தான் முதலில் வந்தது.
பிறகு போர்வைக்குள் சிரித்தேன்,
கட்டில் குலுங்க.
பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலையில் சமையலறையில்
மேஜை மட்டும் நின்றது.
அடுப்பில் காப்பி பொங்கத் தொடங்க,
என்னுடையதை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.
அவளுடையதை அவள்.
எதிரெதிரே போட்டு உட்கார்ந்தோம்.

"இன்னொரு ராத்திரி?" என்றாள்.

"இருபத்தெட்டு."